ஒரு நாள் பிந்திச் சொன்ன பெயர்

"தெரியாம எப்படிங்க மேடம் ஒரு உயிருக்குக் கொடுக்கிறது?" என்று கேட்டார் சென்னியப்பன்.

ஜுலைகா கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

சென்னியப்பனுக்கு அங்கே அது முதல் நாள். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. மாத்திரை செய்யும் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் பிரிவில் பாதி ஆயுளைக் கழித்தவர். பரிசோதனை முடிவு கைக்கு வராமல் ஒரு தலைவலி மாத்திரையைக்கூட வாசல் தாண்ட விட்டதில்லை. லாரி நிற்கும். டிரைவர் ஹாரன் அடிப்பார். மேனேஜர் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார்.

"ரிசல்ட் வரட்டும்" என்பார் சென்னியப்பன்.

அந்த ஒரே வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லியே தலை நரைத்த மனிதர் அவர்.

கம்பெனியை மூடிவிட்டார்கள். அவர் ஓர் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்துக்கு வந்து சேர்ந்தார். கதிர்வீசும் உலோகங்களைப் பிரித்து மருந்தாக்கும் கூடம் அங்கே இருந்தது. கூடத்தின் பொறுப்பு ஜுலைகாவிடம். அவர் வயதில் சென்னியப்பனைவிட ரொம்ப இளையவர், பேச்சில் ரொம்பச் சிக்கனக்காரர். அவரிடம் சீடனாகச் சேர்வதில் சென்னியப்பனுக்குக் கூச்சம் எதுவும் இல்லை. வேலை தெரிந்தவரிடம் வயதைப் பார்க்கக் கூடாது என்பது அவர் கட்சி.

ஆனால் முதல் நாளே இப்படித் தூக்கிவாரிப் போடும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

நடந்தது இதுதான்.

ஈயச் சுவருக்குப் பின்னால் விரல் பருமனுக்கு ஒரு குழாய். அதற்குள் பிசின் மணிகள். அந்த மணிகளைப் பிடித்துக்கொண்டு ஆக்டினியம் என்ற உலோகம் உட்கார்ந்திருந்தது. அது சும்மா உட்கார்ந்திருக்காது. சிதைந்து சிதைந்து பிஸ்மத் என்ற வேறோர் உலோகத்தைப் பெற்றுக்கொண்டே இருக்கும். அந்தத் தொழிலில் ஆக்டினியத்தைத் தாய் என்றும் பிஸ்மத்தை மகள் என்றும் சொல்வார்கள்.

மகள்தான் மருந்து. உடம்புக்குள் போய்ப் புற்றுக்கட்டியில் ஒட்டிக்கொண்டு அதைச் சுடுவாள். ஆனால் அவளுக்கு ஆயுசு அற்பம். முக்கால் மணி நேரத்தில் பாதி போய்விடும். அடுத்த முக்கால் மணியில் மிச்சத்தில் பாதி போய்விடும்.

தாய்க்கு ஆயுசு நீளம். அவள் மகளோடு நழுவி உடம்புக்குள் போய்விட்டால் எலும்பில் ஏறி உட்கார்ந்துகொண்டு நாள் கணக்கில் சுடுவாள். ரத்தம் ஊறும் இடமே கருகிப்போகும்.

ஜுலைகா குழாயில் அமிலத்தை விட்டார். மகள் இறங்கினாள். தாய் மணிகளோடு நின்றுகொண்டாள். இறங்கியதை மருந்தோடு சேர்த்து, சூடாக்கி, வடிகட்டி, ஊசிக்குழலில் ஏற்றி, ஈயச் சிமிழுக்குள் வைத்து மூடினார். சென்னியப்பன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு என்ன நடக்கிறது என்று குனிந்து பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஜுலைகா சிமிழைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினார்.

திரும்பி வந்ததும் சென்னியப்பன் கேட்டார்.

"தாய் ஒழுகியிருக்கான்னு பார்க்கவே இல்லையேங்க மேடம்?"

"நாளைக்குக் காலைல பார்ப்போம்."

"ஏன் நாளைக்கு?"

"மகள் போடற சத்தத்துல தாயோட முணுமுணுப்பு கேட்காது சார். மகள் அடங்கணும். ஒரு ராத்திரி போகணும்."

"அப்ப ஊசி?"

"போட்டாச்சு."

சென்னியப்பன் பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்தார்.

அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். பதில் வராததால் இன்னொன்றையும் கேட்டார்.

"எதை நம்பிக் கையெழுத்துப் போட்டீங்க மேடம்?"

"கையெழுத்து கிடக்கட்டும். மேலே போய் என் பேரைச் சொல்லிட்டு வந்தேன்."

"யார்கிட்ட?"

"ஊசி போட்டுக்கிறவங்ககிட்ட."

அந்தக் கூடத்தின் வழக்கம் அது. உலோகத்தை யார் பிரித்தாரோ அவரே சிமிழைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். கட்டிலருகே நின்று, 'இதைப் பிரிச்சது நான், என் பேர் இன்னது' என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் ஊசி. யார் ஆரம்பித்து வைத்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. இதுவரை யாரும் விட்டதும் கிடையாது.

சென்னியப்பனுக்கு அது வெறும் சடங்காகப் பட்டது.

"பேரைச் சொன்னா மருந்து சுத்தமாயிருமாங்க?"

"ஆகாது," என்றார் ஜுலைகா.

*

"இதையெல்லாம் எவ்வளவு சீக்கிரம் செய்யணும் மேடம்?" என்று இன்னொரு நாள் கேட்டார் சென்னியப்பன்.

ஜுலைகா எழுந்து போய்த் துணி அலமாரியைத் திறந்தார். பூச்சி வராமலிருக்கப் போட்டு வைத்திருந்த கற்பூரத்தில் ஒரு வில்லையை எடுத்தார். நுண்தராசின் தட்டில் வைத்தார். தராசின் கண்ணாடிக் கதவைத் திறந்தபடியே விட்டார்.

"எடை சொல்லுங்க சார்."

இது என்ன பிரமாதம் என்று சென்னியப்பன் தராசின் முன் உட்கார்ந்தார். எத்தனை வருஷம் எடை பார்த்த கண்.

கடைசி இலக்கம் இறங்கியது. நிற்கட்டும் என்று காத்திருந்தார். மறுபடி இறங்கியது. மின்விசிறியை நிறுத்தினார். தராசின் கால்களைத் திருகிச் சமன் செய்தார். தன் மூச்சுக்காற்றுதான் காரணமோ என்று மூச்சைக்கூட அடக்கிப் பார்த்தார். இலக்கம் அது பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

ஜுலைகா சாப்பிட்டுவிட்டு வந்தார்.

"என்ன ஆச்சு?"

"நிக்க மாட்டேங்குதுங்க."

"நிக்காது. மகளும் இப்படித்தான்."

"அப்ப எந்த எண்ணைச் சொல்றது?"

"பார்த்த எண்ணை."

"பார்க்கறதுக்குள்ள மாறிருதுங்களே."

ஜுலைகா கற்பூரத்தை எடுத்துக்கொண்டுபோய் அலமாரியில் போட்டார். சென்னியப்பன் வெகுநேரம் வெறும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

*

சாயத் தண்ணீரில் பழகினார். கதிர் இல்லாத வெறும் சாயம். அதே குழாய், அதே அமிலம், அதே ஈயச் சுவர்.

ஈயச் சுவருக்கு இந்தப்புறம் நின்று, கனத்த கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு, நீளமான இடுக்கியால் அந்தப்புறம் வேலை செய்ய வேண்டும். ஆரம்பத்தில் சென்னியப்பன் மூடியைத் திறக்கப் போய்க் குப்பியைக் கவிழ்த்தார். குப்பியை நிமிர்த்தப் போய் மூடியைத் தொலைத்தார். வீட்டுக்குப் போன பிறகும் கை இடுக்கி பிடித்த மாதிரியே மடங்கியிருக்கும். அப்படியே சோற்றைப் பிசைவதைப் பார்த்து அவர் மனைவி, வாதம் கீதம் வந்துவிட்டதோ என்று பயந்துபோனார்.

மெல்ல மெல்லக் கை பழகியது. பிறகு வேகம் வந்தது. ஆனால் ஒரு பழக்கம் மட்டும் போகவில்லை. எல்லாம் முடிந்த பிறகு இன்னொரு தடவை வடிகட்டுவார்.

ஜுலைகா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இந்த ரெண்டாவது வடிகட்டல் யாருக்கு சார்?"

"நோயாளிக்குங்க."

"அதுக்குள்ள மருந்து தேஞ்சுபோயிரும். யாருக்கு?"

சென்னியப்பனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சுத்தம் வேண்டும் என்று நினைப்பது ஒரு குற்றமா? வாய்வரை வந்ததை மென்று முழுங்கினார். மறுநாளிலிருந்து ஒரே தடவைதான் வடிகட்டினார்.

"இனி நிஜத்தைப் பிரிங்க," என்றார் ஜுலைகா.

*

முதல் தடவை நிஜமாகப் பிரித்தபோது சென்னியப்பனின் கை ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. குழாயில் அமிலம் இறங்கிய விதத்தைப் பார்த்து ஜுலைகா தலையை அசைத்தார். அவர் தலையை அசைப்பதே அபூர்வம். சென்னியப்பன் சிமிழைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார்.

மாடியில் நாச்சம்மாள் படுத்திருந்தார். தாராபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மெஸ் நடத்துகிறவர். கல்லீரலில் கட்டி. மற்ற மருந்தெல்லாம் கைவிட்ட பிறகு இந்த வைத்தியத்துக்கு வந்திருந்தார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊசி.

வார்டு வாசலில் நின்று சென்னியப்பன் எட்டிப் பார்த்தார். நாச்சம்மாள் ஜாக்கெட் கையை மேலே சுருட்டிவிட்டுக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார்.

சென்னியப்பன் உள்ளே காலெடுத்து வைக்கவில்லை.

பேரைச் சொல்வதென்றால் என்ன அர்த்தம்? இதற்கு நான் பொறுப்பு என்று அர்த்தம். இது சுத்தமா என்று எனக்கே தெரியாது. தெரியாத ஒன்றுக்கு என் பேரைக் கொடுப்பேனா? லாரிக்காரன் அடித்த ஹாரனுக்கே கொடுக்காதவன்.

"சிஸ்டர், இதைப் புடிங்க. கீழ அவசர வேலை," என்று சிமிழை நர்ஸ் கையில் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று இறங்கிவிட்டார்.

மறுநாள் காலை கூடத்துக்கு முதல் ஆளாக வந்தார். முந்தைய நாள் மருந்தில் எடுத்து வைத்திருந்த துளியைக் கதிர் எண்ணும் கருவியில் வைத்தார். மகள் இரவோடு இரவாக அடங்கியிருந்தாள். தாய் இருந்தால் இப்போது முணுமுணுக்க வேண்டும். கருவியில் சுவரும் காற்றும் எப்போதும் வீசும் மெல்லிய கதிரின் சத்தம்தான் கேட்டது. வேறொன்றும் இல்லை.

சுத்தம்.

மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினார். நாச்சம்மாள் அப்போதுதான் பல் துலக்கிவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வார்டுக்கு இன்னும் காப்பி வரவில்லை.

"நேத்து உங்களுக்குப் பிரிச்சுக் கொடுத்தது நான்தானுங்க. என் பேர் சென்னியப்பன். மருந்து சுத்தமா இருக்குதுங்க."

நாச்சம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அதை நேத்தே சொல்லியிருக்கலாமுங்களே?"

"நேத்துத் தெரியாதுங்களே."

"ஓ," என்றார் நாச்சம்மாள். "சரிங்க. நல்லதுங்க."

சென்னியப்பன் இறங்கி வரும்போது படியில் பாட்டு முணுமுணுத்தார்.

அதுவே பழக்கமாகிவிட்டது. பிரித்த நாளில் சிமிழை நர்ஸிடம் கொடுத்துவிட்டு வந்துவிடுவார். மறுநாள் காலையில் துளியை எண்ணிப் பார்ப்பார். சுத்தம் என்று தெரிந்ததும் காப்பி வருவதற்குள் மேலே போய்ப் பேரைச் சொல்லுவார். ஒரு நாளும் தவறவில்லை. வழக்கத்தையும் மீறவில்லை, மனசாட்சியையும் விற்கவில்லை என்று அவருக்கு உள்ளூரப் பெருமை. இத்தனை ஆட்கள் பேர் சொன்னார்களே, நோயாளியிடம் முடிவைச் சொல்ல வேண்டும் என்று ஒருத்தருக்காவது தோன்றியதா?

ஜுலைகாவிடமே சொல்லிவிட்டார்.

"பேர் சொல்ற வழக்கத்தை நான் லேசாத் திருத்தியிருக்கேன் மேடம்."

"தெரியும்."

"தப்புங்களா?"

"எப்படி இருக்கு உங்களுக்கு?"

"நிம்மதியா இருக்குதுங்க."

"உங்களுக்கு," என்றார் ஜுலைகா.

அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. பாராட்டாகத்தான் இருக்கும் என்று சென்னியப்பன் எடுத்துக்கொண்டார்.

*

ஒரு காலையில் துளி முணுமுணுத்தது.

முதலில் சென்னியப்பன் நம்பவில்லை. கருவி பழுதாக இருக்கும். துளியை வெளியே எடுத்துவிட்டு வெறுமனே எண்ணிப் பார்த்தார். சுவரும் காற்றும்தான். துளியைத் திரும்ப வைத்தார். முணுமுணுப்பு.

குழாய் அழுக்காக இருக்கும். துளியை வேறொரு குழாய்க்கு மாற்றினார். மறுபடி எண்ணினார்.

முணுமுணுப்பு.

கம்பெனியில் ஒரு முடிவு தவறாக வந்தால் மூன்று தடவை பார்ப்பது அவர் வழக்கம். மூன்றாவது தடவையும் வைத்தார். தலைக்கு மேலே, மாடியில், காப்பி வண்டி உருளும் சத்தம் கேட்டது. எண்கள் ஏறிக்கொண்டிருந்தன.

தாய் ஒழுகிவிட்டாள். நேற்று மத்தியானமே நாச்சம்மாளின் உடம்புக்குள் போய்விட்டாள்.

ஜுலைகா உள்ளே வந்தார். பேயறைந்தது போல நின்ற சென்னியப்பனின் முகத்தைப் பார்த்தார். எண்களைப் பார்த்தார்.

"எப்பப் பார்த்தீங்க?"

"வந்ததுங்க... வந்ததும்."

"இப்பத்தான் சொல்றீங்களா?"

"மூணு தடவை பார்த்து உறுதி பண்ணிக்கிட்டு..."

அவர் முடிப்பதற்குள் ஜுலைகா போனில் டாக்டரிடம் பேசிக்கொண்டிருந்தார். "ஒழுகியிருக்கு டாக்டர். நேத்து ஊசி. ஆமா, நாச்சம்மாள். உடனே டிரிப் ஏத்துங்க. நான் சொன்னேனே, உலோகத்தைக் கவ்விச் சிறுநீர்ல வெளியேத்தற மருந்து, அது. ஒவ்வொரு நிமிஷமும் எலும்புல ஏறிட்டிருக்கு."

போனை வைத்தார்.

ஒவ்வொரு நிமிஷமும் என்ற வார்த்தையைக் கேட்டதும் சென்னியப்பன் ஈயச் சுவரைப் பிடித்துக்கொண்டார். மூன்று தடவை பார்த்து உறுதி செய்துகொண்ட நேரமெல்லாம் அவர் கண்முன்னே நின்றது.

"நான் எங்க மேடம் தப்புப் பண்ணினேன்?"

ஜுலைகா பிரிக்கும் குழாயை இடுக்கியால் தூக்கிக் கண்ணாடிக்கு நேரே பிடித்தார். பிசின் மணிகள் ஓர் ஓரத்தில் இளகிக் கூழாகியிருந்தன.

"கதிர் பட்டுப் பட்டு மணி உடைஞ்சிருக்கு. நேத்துப் பிரிக்கிறதுக்கு முன்னாடி வரைக்கும் அடையாளம் இல்லை. நான் பிரிச்சிருந்தாலும் ஒழுகியிருக்கும்."

சென்னியப்பனுக்கு அதில் ஆறுதல் எதுவும் கிடைக்கவில்லை.

"இனி?"

"இந்தக் குழாயை மூடி வைங்க. நான் மேலே போறேன்."

"நீங்க எதுக்குங்க?"

"நேத்து என் பேரைத்தானே சொல்லியிருக்கேன்."

சென்னியப்பனுக்கு முதலில் காதில் சரியாக விழவில்லையோ என்று தோன்றியது.

"உங்க பேரையா? பிரிச்சது நானுங்களே."

"ஆமா."

"நீங்க எப்ப மேலே போனீங்க?"

"நீங்க சிமிழைச் சிஸ்டர்கிட்ட கொடுத்துட்டு இந்தப் படியில இறங்குவீங்க. நான் அந்தப் பக்கத்துப் படியில ஏறுவேன்."

"நேத்தா?"

"எல்லா நாளும்."

"முதல் நாளுமா?"

"முதல் நாளும்."

சென்னியப்பன் அந்தக் குழாயை இடுக்கியால் எடுத்து மூடினார். இத்தனை நாளும் காலையில் மேலே போய் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தது. உடம்பு கூசியது.

"ஏன் மேடம்? உங்களுக்கும் தெரியாதே, அது சுத்தமான்னு."

"பேர் இல்லாம ஊசி போடறதில்லையே சார்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"நீங்க திரும்பிப் பார்க்கலை."

உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். அந்த நிமிஷத்தில் சென்னியப்பனின் மனசுக்குள் ஒரு சின்ன நிம்மதி எட்டிப் பார்த்தது. நேற்றைய ஊசியோடு அவர் பேர் இன்னும் சேரவில்லை. சொன்னது ஜுலைகாவின் பேர். இன்றைக்கு மேலே போகாமல் இருந்துவிட்டால் அந்த அம்மாளைப் பொறுத்தவரை அவர் அதில் இல்லவே இல்லை.

அந்த நிம்மதியைப் பார்த்து அவரே அரண்டுபோனார். ஒழுகின துளியைப் பார்த்தபோதுகூட அவர் அப்படி அரளவில்லை. வாழ்நாள் முழுக்க உத்தமன் என்று நினைத்துக்கொண்டிருந்த ஆள் இவன்தானா?

"நான் போறேனுங்க மேடம்."

ஜுலைகா அவர் முகத்தைப் பார்த்தார். வழியை விட்டு ஒதுங்கினார்.

*

நாச்சம்மாளுக்கு டிரிப் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்து மேசையில் காப்பி குடிக்கப்படாமல் இருந்தது.

"வாங்க," என்றார் நாச்சம்மாள். "காப்பி ஆடை கட்டிப்போச்சு."

சென்னியப்பன் கட்டிலின் கால்மாட்டில் நின்றார்.

"நேத்து உங்களுக்குப் பிரிச்சுக் கொடுத்தது நான்தானுங்க. என் பேர் சென்னியப்பன். அது சுத்தமில்லீங்க."

"தெரியுமுங்க."

"டாக்டர் சொன்னாங்களா?"

"டாக்டரு வர்றதுக்கு முந்தியே தெரியும். காப்பி வந்துருச்சு. நீங்க வரலீங்களே."

சென்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டார். திட்டட்டும் என்று காத்திருந்தார். நாலு வார்த்தை திட்டினால்கூட நன்றாக இருக்கும் போலிருந்தது.

நாச்சம்மாள் திட்டவில்லை. டிரிப் ஏறும் கையைத் தலையணை மேல் எடுத்து வைத்துக்கொண்டார்.

"ஒண்ணு சொல்லட்டுங்களா? கோவிச்சுக்காதீங்க."

"சொல்லுங்க."

"அந்த மேடம் ஊசிக்கு முந்தி வருவாங்க. பேரைச் சொல்லுவாங்க. 'சுத்தமுங்களா'ன்னு நான் கேப்பேன். 'தெரியாதும்மா, நாளைக்குத்தான் தெரியும்'னு சொல்லிப்போட்டுக் கையைப் புடிச்சுக்குவாங்க. ஊசி முடியற வரைக்கும் விட மாட்டாங்க. அவுங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சரி, ரெண்டு பேரும் ஒரே வண்டியிலதான் போறோம்னு நெனச்சுட்டுத் தூங்கிப்போடுவேன்."

"ம்."

"அப்பறம் நீங்க வந்தீங்க. மொத நாளு காலைல வந்து சுத்தமுன்னு சொன்னீங்க பாருங்க, அன்னைக்கு சந்தோசமாத்தான் இருந்துச்சு. அதோட தூக்கம் போச்சுங்க."

சென்னியப்பன் நிமிர்ந்தார்.

"ஏனுங்க? சுத்தம்னுதானே சொன்னேன்?"

"சுத்தமா இருந்தா வந்து சொல்லுவீங்க. அப்ப, வராட்டி?"

நாச்சம்மாள் வாசல் பக்கம் கையைக் காட்டினார்.

"ஊசி போட்ட மறுநா விடியக்காலமே எந்திரிச்சு உக்காந்துக்குவனுங்க. படியில செருப்புச் சத்தம் கேக்குதா, கேக்குதான்னு. காப்பி வண்டி முன்னால வருதா, நீங்க முன்னால வர்றீங்களான்னு. உங்க தலையைப் பாத்தாத்தான் எனக்கு உசுரே வரும். இத்தன நாளும் செத்துச் செத்துப் பொழைச்சனுங்க. இந்தக் கட்டிகூட என்னை இந்தப் பாடு படுத்தலைங்க."

சென்னியப்பன் நல்ல செய்தி கொண்டுபோகிறோம் என்று படியை இரண்டிரண்டாகத் தாண்டிய மனிதர். அந்தக் காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இங்கே ஒரு ஜீவன் கட்டிலின் சட்டத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்திருக்கிறது.

"அதை என்கிட்டச் சொல்லியிருக்கலாமுங்களே."

"எப்படிங்க சொல்றது? நீங்க அத்தனை சந்தோசமா வர்றீங்க. வந்து சொல்லிப்போட்டு ஓடீருவீங்க."

வெளியே நர்ஸ் யாரையோ கூப்பிட்டார். டிரிப் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது.

நாச்சம்மாள் நேராகக் கேட்டார்.

"நான் பொழைச்சுக்குவனுங்களா?"

சென்னியப்பனின் வாய் தன்னால் திறந்தது. பாதி ஆயுள் பழகிய வாய். 'ரிசல்ட் வரட்டும்' என்பது நுனிநாக்குவரை வந்துவிட்டது. டிரிப் எவ்வளவை வெளியேற்றுமோ, எலும்பில் எவ்வளவு ஏறிவிட்டதோ, ரத்தம் வாரக்கணக்கில் போகப் போகத்தான் காட்டும். அதுவரை இந்தப் பக்கம் வராமலே இருக்கலாம். கால்கூட லேசாக வாசல் பக்கம் திரும்பிவிட்டது.

காலைத் திருப்பினார். முக்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

"தெரியாதுங்க," என்றார்.

"அப்பாடா," என்று தலையணையில் சாய்ந்தார் நாச்சம்மாள். "உக்காருங்க. இனி நாளைக்குக் காலைல நீங்க வந்தாலும் வராட்டியும் நான் பாட்டுக்குத் தூங்குவேன்."